இடது தோளுக்கு வைத்த அப்பளம்

என் கல்யாண போட்டோவைப் பார்க்கிறவர்கள் முதலில் பெண்ணைப் பார்ப்பார்கள். அடுத்தபடியாக என் இடது தோளைப் பார்ப்பார்கள். மாலை ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். போட்டோ பிடித்தவர் மூன்று தடவை வந்து அதைச் சரி செய்தார். அவர் திரும்பிப் போய்க் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்ததும் மாலை மறுபடியும் சரிந்தது. மாலையின் மேல் குற்றம் இல்லை. யாராவது என்னை உற்றுப் பார்த்தால் என் இடது தோள் தானாகக் காதை நோக்கி ஏறிவிடும். பிறவிக் கோளாறு இல்லை. ஆள் இல்லாத நேரத்தில் இரண்டு தோளும் ஒரே மட்டத்தில்தான் இருக்குமாம். ஆள் இல்லாத நேரத்தில் உனக்கு எப்படித் தெரியும் என்று மனைவியைக் கேட்டேன். நீங்கள் தூங்கும்போது பார்த்தேன் என்றாள்.

வேறு ஒருவருக்கு இதனால் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை. சட்டை தைப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும். ஆனால் நான் வயலின் வாசிக்கிறவன். தோள் ஏறினால் கழுத்து இறுகும். கழுத்து இறுகினால் முழங்கை இறுகும். அங்கிருந்து மணிக்கட்டு, கடைசியில் விரல். ராகம் குழைந்து வரவேண்டிய இடத்தில் ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வரும்.

அப்போது நாங்கள் ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் தெருவில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். நாலு குடித்தனம், ஒரு கிணறு. எனக்கு ஜங்ஷனில் பார்சல் ஆபீஸில் குமாஸ்தா வேலை. எஸ்.எஸ்.எல்.சி. படித்தவனுக்குக் கிடைத்த அந்த வேலை என் சுபாவத்துக்கும் பொருத்தமாக இருந்தது. பார்சல்கள் யாரையும் உற்றுப் பார்ப்பதில்லை. சனிக்கிழமை பஜனையில் வயலின் வாசிப்பேன். பஜனை மண்டபத்தில் ஒரு அகலமான தூண் உண்டு. அதற்குப் பின்னால் உட்கார்ந்து வாசிப்பேன். தெருவில் பலருக்கு என் வயலினைத் தெரியும், என்னைத் தெரியாது. அது எனக்குச் சௌகரியமாகவே இருந்தது.

அதனால்தான் ரேடியோவில் வாசிக்க வேண்டும் என்று ஆசை வந்தது. கேட்கிறவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கலாம். என் கணக்கு எளிமையானது. ரேடியோவில் வாசித்தால் ஊரே கேட்கும், ஒருவரும் பார்க்க மாட்டார்கள். தூணை விட அது பெரிய தூண்.

ஆனால் அங்கே மைக் இருந்தது. அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. முதல் தடவை தேர்வுக்குப் போனபோது என் மூக்குக்கு நேரே அது தொங்கியது. உருண்டை முகம், நிறைய ஓட்டைகள். அதற்கு எத்தனை கண்கள் என்று எண்ணிக்கொண்டே வாசித்தேன். தோள் காதைத் தொட்டுவிட்டது. ஆட்டுக்குட்டி கத்தியது. இரண்டாம் தடவை மைக்கைப் பார்க்கக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டு, சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் வெளியே போகலாம் என்று வாசித்தேன். வாசித்து முடித்ததும், வந்த வேகத்தைத் தாங்க முடியாமலோ என்னவோ, அடுத்த அறையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தவர் ஒலிபெருக்கி வழியாக, "முடிஞ்சிடுச்சா, இல்ல நின்னுடுச்சா?" என்று கேட்டார். தபாலில் பதில் வருவதற்கு முன்பே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது.

அன்று வீட்டுக்கு வந்ததும் வெறுப்பில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். மூன்றாம் தடவையும் தோற்றால் வயலினை மச்சானுக்குக் கொடுத்துவிடுவேன் என்றேன். மச்சான் என்பது என் மனைவியின் அண்ணன். உறையூரில் போர்வை, ஜமுக்காளம் விற்கிற கடை வைத்திருந்தார். அவருடைய மகள் யாரிடமோ இரவல் வயலின் வாங்கிக் கற்றுக்கொண்டிருந்தாள். நான் சொன்னபோது அவர் கூடத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "வார்த்தை வார்த்தைதானே மாப்பிள்ளை?" என்றார். வெறுப்பில் இருக்கிறவன் இல்லை என்று சொல்ல முடியுமா? ஆமாம் என்றேன்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் வர ஆரம்பித்தார். என்னை நலம் விசாரிக்க மாட்டார். "வயலின் எப்படி இருக்கு?" என்பார். பெட்டியைத் திறந்து பார்ப்பார். வில்லின் மயிரைத் தடவிப் பார்ப்பார். வெயில் படுகிற இடத்தில் வைக்காதீர்கள் என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போவார். நிச்சயம் பண்ணிய பெண்ணைப் பார்க்க வருகிற வீட்டார் மாதிரி இருக்கும். என் மனைவிக்கு அண்ணன் மேல் கோபமான கோபம். அந்த வயலினை நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கினேன். அது இல்லாவிட்டால் சாயங்காலங்களில் நான் என்ன செய்வேன் என்பது எனக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. "அது போயிட்டா நீங்க என்கிட்ட பேச ஆரம்பிச்சிடுவீங்க. ரெண்டு பேருக்கும் கஷ்டம்" என்றாள்.

இந்தச் சமயத்தில்தான் டிரில் மாஸ்டர் வந்து சேர்ந்தார்.

அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி வாத்தியார். என் வயதுதான். பள்ளிக்கூடத்துக்கு வந்த கால்பந்து மூட்டையை எடுத்துப்போக பார்சல் ஆபீஸுக்கு வந்தார். கையெழுத்துப் போடாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் பார்க்கப் பார்க்க என்ன நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

"சார், தோள்ல என்ன?"

"தோள்தாங்க."

"அது ஏன் அங்க இருக்கு?"

இதுவரை யாரும் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. வயலின், ரேடியோ, மச்சான் எல்லாவற்றையும் அரைகுறையாகச் சொன்னேன். அவர் கால்பந்து மூட்டை மேலேயே உட்கார்ந்து கேட்டார். தானும் சங்கீதக்காரன்தான் என்றார். தென்னூர்ப் பக்கம் மாதா கோவிலில் பாடகர் குழுவுக்கு ஆர்மோனியம் வாசித்து, குழுவையும் அவரே நடத்தினாராம். உடற்பயிற்சி படிப்பில் கடைசிப் பாடம் ஓய்வைப் பற்றியதாம். பரீட்சையில் அதிலிருந்து கேள்வி வராது என்று வகுப்பில் யாரும் படிக்கவில்லையாம், இவர் மட்டும் படித்தாராம். உடம்பின் ஒவ்வொரு பாகத்தையும் முதலில் நன்றாக இறுக்க வேண்டும், பிறகு சட்டென்று விட வேண்டும். காலில் ஆரம்பித்து நெற்றி வரை போனால் உடம்பு பஞ்சு மாதிரி ஆகிவிடும், மனசும் கூடவே ஆகிவிடும். பாடகர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில் உச்சக் குரல் இப்போது தொண்டையில் சிக்குவதில்லை என்றார். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் பாயோடு வரச் சொன்னார்.

பாயைச் சுருட்டிக்கொண்டு போனேன். அவர் வீட்டுக் கொல்லையில், வேப்ப மரத்தடியில், பாடகர் குழுவிலிருந்து நாலு பேர் ஏற்கனவே மல்லாந்து படுத்திருந்தார்கள். நானும் ஓரத்தில் படுத்தேன். ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தால் நம்மை யார் பார்க்கிறார்கள் என்று தெரியாது என்பது எனக்குப் பிடித்திருந்தது. மாஸ்டர் அரை டிராயரும் கேன்வாஸ் ஷூவும் போட்டு நடுவில் வந்து நின்றார். கழுத்தில் விசில்.

அவருக்கு எதையும் விசில் இல்லாமல் சொல்லித்தர வராது. ஒரு விசில் என்றால் இறுக்கு. இரண்டு விசில் என்றால் விடு. "வலது கால் கட்டைவிரல்!" என்பார். ஒரு விசில். நாங்கள் இறுக்குவோம். இரண்டு விசில். விடுவோம். மைதானத்தில் நூறு பையன்களுக்குக் கேட்க வேண்டிய விசிலை ஐந்து பேரின் காதுக்கு மேலே நின்று ஊதுவார். யாராவது சரியாக விடவில்லை என்றால் பக்கத்தில் குனிந்து, "ஏன் இன்னும் தளரல? எல்லாரும் தளர்ந்தாச்சு, உங்களுக்கு மட்டும் என்ன?" என்று அதட்டுவார். அந்த அதட்டலில் தளர்ந்திருந்தவர்களும் இறுகிவிடுவார்கள். மறுபடி கட்டைவிரலிலிருந்து.

அவர் வீட்டில் ஒரு கோழி இருந்தது. பழுப்பு நிறம். பயிற்சி நடக்கும்போது எங்களுக்கு நடுவில் உலாவும். யார் நன்றாகத் தளர்ந்துவிட்டாரோ அவர் வயிற்றின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். மாஸ்டருக்கு அந்தக் கோழியின் தீர்ப்பில் முழு நம்பிக்கை. அது எப்போதும் அடிக்குரல் பாடுகிற ஒரு பெரிய மனுஷரின் மேல்தான் ஏறும். அவர் முதல் விசிலிலேயே குறட்டை விட ஆரம்பித்துவிடுவார். என்னிடம் வந்து ஒரு கண்ணால் பார்த்துவிட்டுப் போய்விடும். கோழி பார்த்ததும் தோள் ஏறிவிட்டது என்று வீட்டில் சொன்னபோது மனைவி நெடுநேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

ஐந்தாறு வாரம் விடாமல் போனேன். ஆறாவது வாரம் கண்ணை மூடிக் கிடந்தபோது வயிற்றில் வெதுவெதுப்பாக ஏதோ ஏறியது. கண்ணைத் திறக்கவில்லை. மாஸ்டர் விசிலைக்கூட ஊதாமல் தாழ்ந்த குரலில், "அசையாதீங்க சார், உட்கார்ந்துடுச்சு" என்றார். பத்து நிமிஷம் அப்படியே கிடந்தேன். என் ஆயுளில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதான் என்று தோன்றியது.

அதன் பிறகு பயிற்சி பலித்துவிட்டது. பலித்த விதம்தான் சரியில்லை.

ஸ்ரீரங்கத்திலிருந்து ஜங்ஷனுக்கு டவுன் பஸ்ஸில் போவேன். கண்டக்டர் ஒரு விசில் கொடுத்தால் பஸ் நிற்கும். இரண்டு விசில் கொடுத்தால் கிளம்பும். இது ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ஊரில் வேறு யாரும் மாஸ்டரிடம் பயிற்சி எடுக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை அம்மா மண்டபம் ஸ்டாப்பில் கண்டக்டர் ஒரு விசில் கொடுத்தார். என் உடம்பு முழுக்க இறுகியது. ஆள்கள் ஏறினார்கள். இரண்டு விசில் கொடுத்தார். பக்கத்தில் இருந்தவர் மேல் மொத்தமாகச் சாய்ந்துவிட்டேன். கனமான ஆள், மடியில் வாழைத்தார். மன்னிப்புக் கேட்டு நிமிர்வதற்குள் காவேரிப் பாலத்துக்கு முன்னால் இன்னொரு ஸ்டாப். இறுகினேன். கிளம்பியது. சாய்ந்தேன்.

"ஏம்ப்பா, நான் என்ன தலகாணியா?" என்றார் அவர்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் மறுபடி ஒரு விசில். மரக்கட்டை மாதிரி விறைத்து, வாயைத் திறந்தபடி அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் வாழைத்தாரைத் தூக்கிக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

ஆபீஸில் இதைவிட மோசம். ரயில் நிலையத்தில் வேலை பார்க்கிறவன் விசிலுக்குத் தப்பி எங்கே போவது? கார்டு ஊதுவார், என்ஜின் ஊதும், பிளாட்பாரத்தில் போலீஸ்காரர் ஊதுவார். நாள் முழுக்க இறுகி, தளர்ந்து, இறுகி, தளர்ந்து, சாயங்காலத்துக்குள் துவைத்துப் போட்ட துணி மாதிரி ஆகிவிடுவேன். ஒரு நாள் வெற்றிலைக் கூடைக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தபோது ஊட்டி போகிறவர்களின் வண்டிக்குக் கார்டு இரட்டை விசில் கொடுத்தார். கையிலிருந்த பசைத் தட்டு தலைமைக் குமாஸ்தாவின் செருப்பில் கவிழ்ந்தது. அவர் நல்லவர். ரத்தசோகையாக இருக்கும், பேரீச்சம்பழம் சாப்பிடுங்கள் என்றார். உண்மையைச் சொல்லக் கூச்சமாக இருந்ததால் பேரீச்சம்பழம் வாங்கி அவர் எதிரில் வைத்துத் தின்றேன்.

மாஸ்டரிடம் சொன்னேன். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. பாடகர்கள் யாருக்கும் இவ்வளவு ஆழமாகப் பதியவில்லையாம்.

இதற்குள் மூன்றாம் தேர்வுக்குத் தேதி வந்துவிட்டது. ஒரு மாதம் இருந்தது. சேதி கேட்டு மாஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அன்றைக்குத்தான் என் மனைவி கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டாள்: "ரேடியோவுல விசில் யாரு ஊதுவாங்க?"

நானும் மாஸ்டரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு ஆண் பிள்ளைகள் இரண்டு மாதமாக இதை யோசிக்கவில்லை. வெளியே ரோட்டில் நின்று ஊதுகிறேன் என்றார் மாஸ்டர். அந்த அறைக்குள் இடி விழுந்தாலும் கேட்காது, சுவருக்கெல்லாம் மெத்தை தைத்திருக்கிறார்கள் என்று நான் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, விசிலை மனசுக்குள் ஊதிப் பாருங்கள் என்றார். ஊதிப் பார்த்தேன். என் மனசுக்குள் ஊதினால் சத்தம் வரவில்லை, கூச்சம்தான் வந்தது.

மனைவி உள்ளே போனாள். அவள் அப்போது பொரித்துக்கொண்டிருந்த அப்பளங்களில் உள்ளங்கை அளவான ஒன்றை எடுத்து வந்து, என் சட்டையின் கழுத்துப் பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில், இடது பக்கம், செங்குத்தாகச் செருகினாள். அப்பளத்தின் கீழ் ஓரம் தோளில், மேல் ஓரம் காது மடலுக்கு அடியில். "வாசிங்க" என்றாள். வாசித்தேன். மாஸ்டர் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததால் நாலாவது ஸ்வரத்தில் தோள் ஏறியது. காதுக்குள்ளேயே நொறுங்கின மாதிரி ஒரு சத்தம். திடுக்கிட்டுத் தோளை இறக்கினேன்.

"பார்த்தீங்களா," என்றாள். "ஏறினது உங்களுக்கே தெரிஞ்சிடுச்சு. இத்தனை நாளா ஏறினதே உங்களுக்குத் தெரியாது, எங்களுக்குத்தான் தெரியும்."

அவள் சொன்னது எவ்வளவு சரி என்பது போகப் போகத்தான் புரிந்தது. விசில் என்னை மொத்தமாகச் சரித்துவிடும். கை, கால், வில் பிடிக்கிற விரல், எல்லாம் போய்விடும். அப்பளம் அப்படி இல்லை. வேண்டாத ஒரு தோளை மட்டும் கீழே இறங்கச் சொல்லும், மற்றதெல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். வயலினில் தந்தியை மொத்தமாகத் தளர்த்தினால் சங்கீதம் வராது. தளர வேண்டியது தந்தி இல்லை, வாசிக்கிறவன். இதைப் புரிந்துகொள்ள எனக்கு நூறு அப்பளம் ஆயிற்று.

அந்த மாதம் முழுக்க எங்கள் பின்கட்டில் சாயங்காலம் வயலின் சத்தமும் நடுநடுவே நொறுங்குகிற சத்தமும் கேட்டபடி இருந்தது. நொறுங்கியதை மனைவி தட்டில் தட்டிக்கொண்டு அடுத்ததைச் செருகுவாள். கிணற்றடியில் பக்கத்துக் குடித்தனத்து அம்மாள், "உங்க வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கிட்டே வாசிப்பாரா?" என்று விசாரித்தார்களாம். ஞாயிற்றுக்கிழமை வந்த மச்சான் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "வாசிக்கிறதை விட நொறுக்குறதுல நல்ல தேர்ச்சி வந்திருக்கு மாப்பிள்ளை" என்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்து வயலின் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டார். எதற்கு என்று என் மனைவி கேட்டாள். சும்மாதான் என்றார்.

மூன்றாம் வாரம் ஒரு வர்ணம் முழுக்க அப்பளம் உடையாமல் நின்றது. மனைவி மட்டும் எதிரில் இருந்தால் நிற்கும். மாஸ்டர் வந்தால் பாதி நிற்கும். மச்சான் வந்தால் பெட்டியைத் திறக்கும்போதே உடைந்துவிடும்.

தேர்வு நாள் வந்தது. பஸ்ஸில் விசில் தொல்லை என்பதால் குதிரை வண்டியில் போனோம். மனைவி மடியில் மூடி இறுக்கமான ஒரு டப்பா வைத்திருந்தாள். பசிக்கு ஏதோ எடுத்து வருகிறாள் என்று நினைத்தேன். ரேடியோ நிலையத்து வாசலில் மாஸ்டர் சைக்கிளில் வந்து காத்திருந்தார். கழுத்தில் விசில். சற்றுத் தள்ளி மச்சான் நின்றிருந்தார். கையில் புதிய கட்டம் போட்ட போர்வை, நாலாக மடித்து. வயலினைச் சுற்றி எடுத்துப் போகத்தான் என்பதை அவர் மறைக்கவும் இல்லை. "உறையூர் ரோடு தூசி" என்றார்.

உள்ளே போகிற முன்னால் மனைவி என் அங்கவஸ்திரத்தை வாங்கி மறுபடி மடித்தாள். என்னைத் திரும்பி நிற்கச் சொன்னாள். இடது தோளில் போட்டுக் கழுத்தோரமாக ஒரு ஊசி குத்தினாள். இவ்வளவு அக்கறையாக அவள் எனக்கு உடுத்திவிட்டதே இல்லை. மூன்று பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தில் நான் எதையும் கவனிக்கவில்லை.

அந்த அறை முன்பு இருந்த மாதிரியே இருந்தது. மெத்தைச் சுவர், ஜமுக்காளம், தொங்குகிற மைக். தம்புரா மீட்ட ஒரு அம்மாள் இருந்தார்கள். தேர்வு செய்கிறவர்கள் அடுத்த அறையில், கண்ணுக்குத் தெரியாமல். ஒலிபெருக்கியில் ஒரு குரல் ஆரம்பிக்கலாம் என்றது. நான் சுருதி சேர்த்தேன். அவ்வளவு நிசப்தத்தை நான் வேறு எங்கும் கேட்டதில்லை. ரயிலடியில் வேலை பார்க்கிறவனுக்கு நிசப்தமும் ஒரு மிரட்டல்தான். மைக்கின் கண்கள் எல்லாம் என்னைப் பார்த்தன. வெளியே போர்வையோடு மச்சான் நிற்பது சுவர் வழியாகவே தெரிந்தது. வர்ணத்தை ஆரம்பித்தேன். முதல் வரி ஒருவிதமாகப் போயிற்று. இரண்டாவது வரியில் ஆட்டுக்குட்டி எட்டிப் பார்த்தது.

நொறுங்கிற்று.

வீட்டில் வயலினோடு கலந்து கேட்கிற சத்தம் அந்த அறையில் மரக்கிளை முறிந்த மாதிரி கேட்டது. தம்புரா அம்மாள் விரலை எடுத்துவிட்டார்கள். அங்கவஸ்திரத்து மடிப்பிலிருந்து பொன்னிறத் துண்டுகள் வயலின் மேல் உதிர்ந்தன. ஒன்றிரண்டு வயலின் வயிற்றில் இருக்கிற துவாரம் வழியாக உள்ளேயே போய்விட்டன. அப்போதுதான் டப்பாவும் ஊசியும் எனக்குப் புரிந்தன.

"நிறுத்துங்க," என்றது குரல். "என்ன சத்தம் அது? வயலின்ல விரிசல் விட்டுடுச்சா?"

"இல்லீங்க."

"பின்னே?"

பொய் சொல்லலாம் என்று பார்த்தேன். கூச்சக்காரனுக்குப் பொய்யும் உடனே வராது.

"அப்பளங்க."

பிறகு அதே குரல், எதையும் விட்டுவிடக் கூடாது என்கிற பொறுப்போடு, "அப்பளம் எங்க இருக்கு?" என்று கேட்டது.

"தோள்லங்க. தோள் மேல ஏறினா உடையும். உடைஞ்சா இறக்கிக்கணும்னு தெரியும். விசில் ஊதினா மொத்தமா விழுந்துடறேன், அதனால வீட்டுக்காரி இதை வச்சுவிட்டா. எனக்கே தெரியாதுங்க."

முன்பின் தெரியாத ஒருவரிடம் என் வாழ்நாளில் ஒரே மூச்சில் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். ஒலிபெருக்கியில் யாரோ இருமினார்கள். இன்னொருவர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். மூன்றாவதாக ஒரு வயதான குரல் குறுக்கிட்டது.

"உளுந்தா, அரிசியா?"

"உளுந்துங்க."

"ம். தோள் இப்ப எங்க இருக்கு?"

குனிந்து பார்த்தேன். இடது தோள், வலது தோளுக்குச் சமமாக, சாதாரணமாக இருந்தது. தூங்கும்போது அப்படித்தான் இருக்குமென்று மனைவி சொன்னது நினைவுக்கு வந்தது. என்னைப் பற்றிய மகா அசட்டுத்தனமான சங்கதியை நானே மைக்கில் சொல்லியாகிவிட்டது. இனிமேல் யாரும் பார்த்துக் கண்டுபிடிக்க என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. தோள் அங்கே ஏறி எதை மறைப்பது?

"இறங்கிடுச்சுங்க," என்றேன்.

"அப்ப முதல்லேருந்து வாசிங்க."

வாசித்தேன். வர்ணம் முடித்துக் கல்யாணி கேட்டார்கள், வாசித்தேன். இன்னொரு ராகம் கேட்டார்கள், அதையும் வாசித்தேன். ஆட்டுக்குட்டி வரவே இல்லை. வயலினுக்குள் அப்பளத் துண்டுகள் இங்கும் அங்கும் ஓடுகிற சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. முடிந்ததும் தம்புரா அம்மாள் முந்தானையால் ஜமுக்காளத்தைத் துடைத்துவிட்டு, எந்தக் கடை உளுந்து என்று கேட்டார்கள்.

வெளியே படிக்கட்டில் நான் முகம் மலர்ந்து வருவதை மாஸ்டர் பார்த்துவிட்டார். சந்தோஷம் வந்தால் அவருக்கு வேறு என்ன செய்யத் தெரியும்? விசிலை எடுத்து இரண்டு தடவை பலமாக ஊதினார்.

மூன்றாவது படியில் என் முழங்கால்கள் கழன்றன. நான் விழுவதற்குள் மச்சான் பாய்ந்து வந்தார். அவ்வளவு கனமான மனுஷர் அவ்வளவு வேகமாக வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வந்து, இரண்டு கையாலும் வயலினைப் பிடித்துக்கொண்டார். நான் அவர் பக்கத்தில் படியில் உருண்டு கீழே போய்ச் சேர்ந்தேன். "ஒண்ணும் ஆகல, ஒண்ணும் ஆகல" என்று அவர் எல்லோருக்கும் தைரியம் சொன்னார். அவர் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது வயலினை. என் மனைவி என்னைத் தூக்கி உட்காரவைத்தாள். முட்டியில் சிராய்ப்பு. அவள் டப்பாவைத் திறந்து மிச்சமிருந்த ஒரு அப்பளத்தை என் கையில் கொடுத்தாள். பசியாகத்தான் இருந்தது.

சில வாரம் கழித்துத் தபால் வந்தது. தேர்வாகியிருந்தேன். கூடவே ஒரு வரி, ஒலிப்பதிவுக்கு வரும்போது வாத்தியத்தைத் தவிர வேறு பொருள் எதுவும் கொண்டுவர வேண்டாம் என்று. மனைவி அதைப் பலமுறை படித்தாள். அதில் என்னைப் பற்றி ஒன்றும் இல்லை, முழுக்க தன்னைப் பற்றித்தான் என்று சொல்லி அந்தக் கடிதத்தைத் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் வழக்கம்போல வந்தார். விஷயம் அவர் காதுக்கு முன்பே போயிருந்தது. கையில் அதே போர்வை. அவர் நேராகப் போய்ப் பெட்டியைத் திறந்தார். வயலினை எடுத்தார். அதன் துவாரத்துக்குள் ஒரு வரிசை எறும்பு போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. அவர் குலுக்கிப் பார்த்தார். உள்ளே கலகல என்றது.

"என்னம்மா இது?" என்றார் தங்கையிடம்.

"அப்பளத் தூள்ண்ணா. எடுக்க வரல."

மறுபடியும் ஒருமுறை குலுக்கிப் பார்த்தார். மகளிடம் என்ன சொல்வது என்று யோசித்திருப்பார். எனக்கு அப்போதுதான் அவர் மேல் கொஞ்சம் இரக்கம் ஏற்பட்டது. கடைசியில் வயலினைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"எறும்பு புகுந்த வயலினை எம் பொண்ணுக்குக் கொடுக்க முடியாது மாப்பிள்ளை. நான் வேற பார்த்துக்கறேன்."

சரிங்க மச்சான் என்றேன். காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினார். போர்வையை நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போகிறார் என்று வாசல் வரை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் வாங்கவில்லை. விரித்துப் பாருங்கள் என்றார். விரித்தேன். அந்த அளவெல்லாம் எதற்கு எடுத்தார் என்று தெரிந்தது. மூன்று பக்கம் வெட்டி, ஓரம் அடித்து, பெட்டியின் கைப்பிடிக்கு ஒரு ஓட்டை விட்டு, நாலு மூலையிலும் முடிச்சுப் போட நாடாகூடத் தைத்திருந்தது.

"இந்த அளவுக்கு வெட்டினதை இனிமே யாருக்கு விக்கிறது?" என்று சொல்லிவிட்டு, அவர் உறையூர் பஸ்ஸைப் பிடிக்க நடந்தார்.